சிவப்புத் தலைப்பா கட்டிய ரோமச் சேவகன்

1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து சாத்தான்குளம் போகும் கரி பஸ்ஸில் போலீஸ்காரர் ஆறுமுகநயினார் தன் குடும்பத்தை ஏற்றினார். பஸ் உடனே கிளம்பவில்லை. யுத்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியும் பெட்ரோல் ஒழுங்காக வந்த பாடில்லை. பஸ்ஸின் முதுகில் கட்டியிருந்த கரி அடுப்பைக் கிளீனர் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தான். அவன் ஊதி முடிக்கும்வரை அற்புதமணி டீச்சர் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அவளுடைய வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே போலீஸ்காரரின் ஆறு வயது மகள் சீனித்தாய். இடது கண்ணில் கட்டு.

ஆறுமுகநயினார் தன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இசக்கியம்மாள்தான் பேசினாள்.

"நீங்க போங்க டீச்சரம்மா. வெயிலு ஏறுது. நீங்க நிக்கதுனால எம்புள்ளைக்குக் கண்ணு திரும்பி வந்திரவா போவுது."

அற்புதமணி போகவில்லை. அடுப்பு பிடித்து, பஸ் உடம்பு முழுக்க உதறிக்கொண்டு உறுமியது. அப்போதுதான் சீனித்தாய் ஜன்னல் கம்பிக்கு முகத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு நாள் முன்பு, ஈஸ்டர் அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் டீச்சர் சொன்ன இயேசுவின் கதை அவளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அவருதான் செத்து உயிரோட வந்துட்டாருல்லா. எல்லாம் சரியாயிட்டுல்லா. பொறவு கையில ஆணி அடிச்ச காயத்தை மட்டும் ஏன் அப்படியே வச்சிருந்தாரு?"

அற்புதமணி வாயைத் திறந்தாள். பஸ் நகர்ந்தது. நாலு எட்டு கூடவே ஓடினாள். கரிப்புகை முகத்தில் அடித்ததில் இருமல் வந்தது. இருமி நிமிர்ந்தபோது பஸ் உப்பளத்து வளைவைத் தாண்டியிருந்தது.

அற்புதமணி நாசரேத்தில் ஓர் உபதேசியாரின் மகள். அவள் அப்பா பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கும்போது மடியில் வேதப்புத்தகமும் கையில் புளியம் விளாரும் இருக்கும். ஒரு சொல் தவறினால் ஓர் அடி. ஏழு வயதுக்குள் அவளுக்கு அறுபது சங்கீதம் மனப்பாடம், கால் முழுக்கக் கோடு. டீச்சர் பயிற்சி முடித்து, இருபத்தொரு வயதில் தூத்துக்குடிக்கு வந்தாள். துறைமுகத்தை ஒட்டி ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடம். அங்கே அரிச்சுவடி வகுப்பு அவளுக்கு. முப்பத்தொரு பிள்ளைகள். மூட்டை தூக்குகிறவர்கள், தோணி ஓட்டுகிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், சில்லறைக் கடைக்காரர்கள் இவர்களுடைய பிள்ளைகள். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை.

அடிப்பதில் அப்பாவுக்குச் சளைத்தவள் இல்லை அவள். ஆனால் கதை சொல்வதில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. பிள்ளைகள் கண்ணால் பார்த்த ஒன்றைக் காட்டித்தான் பார்க்காத ஒன்றைச் சொல்லுவாள். யோனாவை விழுங்கிய மீன் எவ்வளவு பெரிசு? அந்தா, கரைக்கு வர முடியாமல் ஆழத்தில் நிற்கிற நீராவிக் கப்பல் அளவு. எரிகோ மதில்? மழையில் இடிந்து விழும் உப்புக் குவியல். இயேசுவை வைத்த கல்லறைக்கு, ஆதிச்சநல்லூரில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பெரிய தாழிகளைச் சொன்னாள். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்து, இயேசுவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டபோது வகுப்பே ஒரே குரலில் "ஆதிச்சநல்லூர்" என்றது. தலைமை ஆசிரியர் சுந்தரராஜ் சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

"அம்மா, ஒப்புமை நல்லதுதான். ஆனா எங்க நிறுத்தணும்னு ஒரு கணக்கு வேணும்" என்றார் அவர்.

"புரிஞ்சிட்டுல்லா சார். செத்தவங்களை வைக்கிற இடம்னு புரிஞ்சிட்டு. ஊர்ப்பேரைப் பொறவு திருத்திக்கிடலாம்."

அந்த வருஷம் ஏப்ரலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள் ஒரு சனிக்கிழமை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு என்பதால் அற்புதமணி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, குருத்தோலையில் சிலுவை முடையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே விசில் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓலையோடு ஓடிப்போய்ச் சுற்றுச்சுவரில் ஏறினார்கள். கடலிலிருந்து வெட்டி எடுத்த முருகைக்கல்லால் கட்டிய பழைய சுவர் அது. கை வைத்த இடமெல்லாம் பெயர்ந்து வரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது போலீஸ்காரர்கள், முப்பது சிவப்புத் தலைப்பா, முப்பது லத்தி. எதிரே இருநூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தவர்களைத்தான் அடித்தார்கள். முதல் வரிசை எழுந்திருக்கவே இல்லை. ராஜதுரை என்கிற நடுவயது ஆள் முகத்தில் அடி வாங்கி மல்லாந்தான். ஓடியவர்கள் அவன் நெஞ்சின் மேல் மிதித்துத்தான் ஓடினார்கள். அன்று சாயங்காலம் அவன் செத்துப்போனான். மூட்டை தூக்கும் தனராஜ் தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கினார். லத்தி அதே கையில் இரண்டு இடத்தில் இறங்கியது. முழங்கைக்குக் கீழே கை தொங்கிக்கொண்டு ஆடியது.

தனராஜின் மகன் பவுல் சுவரில் இருந்தான். பக்கத்தில் சீனித்தாய். அவள் தலைப்பாக்களுக்கு நடுவே தேடித் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்து விரல் நீட்டினாள்.

"அந்தா எங்கப்பா."

பவுல் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த ஓலைச் சிலுவையைக் கடித்து, மென்று துப்பினான். அற்புதமணி இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டாளே தவிர அதற்கு மேல் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை, இயேசு சிலுவையில் பட்ட பாடுகளின் கதை. ரோமச் சேவகர்கள் வந்தார்கள் என்று தொடங்கியதும் ஒரு பிள்ளை கேட்டது: "ரோமச் சேவகன்னா யாரு டீச்சர்?"

"சனிக்கிழமை பாத்தீங்கல்லா. அவங்க மாதிரி."

வகுப்பு அடங்கிப்போனது. ஏழு வருஷமாக அவள் அந்தக் கதையைச் சொல்லுகிறாள். எப்போதும் யாராவது கிள்ளுவார்கள், யாராவது வெளியே போகக் கேட்பார்கள். அன்று ஒருவர்கூட அசையவில்லை. சாட்டையடி வந்தபோது கண்ணீர் விட்டார்கள். அந்த அமைதி அவளுக்கு ருசித்துவிட்டது. வியாழக்கிழமை முற்றத்தில் நடித்தே காட்டிவிடலாம் என்றாள்.

சீனித்தாய் கை தூக்கினாள். "எங்கப்பாக்கு ரெண்டு தலைப்பா உண்டும் டீச்சர். ஒண்ணு வீட்ல சும்மாதான் தொங்குது. கொண்டாரட்டா?"

"கொண்டா" என்றாள் அற்புதமணி.

பெரிய வியாழன் மத்தியானம். தோணிக்காரர் மகன் மனுவேலுக்கு இயேசு வேஷம். பனைமட்டையில் சிலுவை செய்து, அவன் தோளைக் கிழிக்காதபடி இரண்டு ஓரத்துக் கருக்கையும் அவளே அரிவாளால் சீவியிருந்தாள். சீனித்தாய்க்குச் சேவகன் வேஷம். டீச்சரே அந்தத் தலைப்பாவை அவள் தலையில் கட்டிவிட்டாள். அது புருவம் வரை இறங்கிக் கிடந்தது. கையில் ஒரு வேப்பங்கம்பு கொடுத்தாள். மற்றவர்கள் எருசலேம் ஜனங்கள்.

சீனித்தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நட, நட" என்று சொல்லிக்கொண்டே, அவள் அப்பா வீட்டு முற்றத்தில் வேடிக்கைக்குச் செய்து காட்டுகிற மாதிரி, கம்பை ஒரு சுற்றுச் சுற்றி மனுவேலின் முதுகுக்கு மேல் ஓங்கினாள்.

முதல் கல் அவள் தோளில் பட்டது. அவள் இதுவும் நாடகம் என்று நினைத்தாள், சிரித்தபடியே திரும்பினாள். இரண்டாவது கல் கண்ணில் பட்டது. அதன்பின் யார் எறிந்தார்கள், யார் எறியவில்லை என்று பிரிக்க முடியாது. ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகள் சுவரிலிருந்து முருகைக்கல்லைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார்கள். கல் தீர்ந்தவர்கள் போய்க் காலால் உதைத்தார்கள். ஒரு சின்னப்பெண் சீனித்தாயின் கையைக் கடித்துக்கொண்டு விடாமல் தொங்கினாள். மனுவேல் தோளிலிருந்த சிலுவையை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, விழுந்து கிடந்தவள் முதுகில் இறக்கினான். யாரும் கத்தவில்லை. அதுதான் அற்புதமணிக்குக் கடைசிவரை மறக்கவில்லை. வேலை செய்கிறவர்கள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு அடித்தார்கள்.

அவள் பாய்ந்து போய் ஒவ்வொருவரையும் முடியைப் பிடித்து இழுத்து வீசினாள். பவுல் கையில் அடுத்த கல் இருந்தது. அவள் தரையில் கிடந்த வேப்பங்கம்பை எடுத்தாள். பவுலை அடித்தாள். கை, முதுகு, தலை என்று பார்க்கவில்லை. கல் கீழே விழுந்தபிறகும் அடித்தாள். அவன் சுவரோடு ஒண்டி உட்கார்ந்தபிறகும் அடித்தாள். காது கிழிந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. கம்பு முறிந்த பிறகுதான் நின்றாள்.

ஒரு பிள்ளை பயந்துகொண்டே, மரியாதையாக, தரையைக் காட்டிச் சொன்னது:

"டீச்சர், தலைப்பா கீழ கெடக்கு. எடுத்துக் கட்டிக்கிடுங்க."

ஆஸ்பத்திரி டாக்டர் சீனித்தாயின் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்றார். வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இடது கண் பிழைக்குமா என்பதை ஞாயிற்றுக்கிழமை கட்டை அவிழ்த்தால்தான் சொல்ல முடியும்.

"மூணாம் நாளு" என்றாள் சீனித்தாய், கட்டுக்குள்ளிருந்து. "இயேசு மாதிரி."

மறுநாள் பெரிய வெள்ளி. ஊரில் எல்லாக் கோயிலிலும் மூன்று மணி நேரம் நீளும் மும்மணி ஆராதனை நடந்துகொண்டிருந்த வேளையில் அற்புதமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். ஆறுமுகநயினார் பந்தோபஸ்து வேலையிலிருந்து நேராக வந்தார். கையில் லத்தி. தலையில் ஒன்றும் இல்லை.

"தனராஜ் மவன்தான் எறிஞ்சான்னு சொல்லுதாவ. ஆமாவா, இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லுங்க, போதும்."

அந்த ஒற்றை வார்த்தையை வாங்கிக்கொண்டு அவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியும். கை ஒடிந்து தனராஜ் குடிசையில் படுத்திருந்தார். போனால் இவர் தனியாகப் போகமாட்டார்.

"நான்தான் அண்ணாச்சி" என்றாள்.

"என்னது?"

"அந்தத் தலைப்பாவைப் புள்ளை தலையில கட்டிவிட்டது நான். கம்பு கொடுத்தது நான். கல்லெறிஞ்சதும் நான்னே எழுதிக்கிடுங்க."

"நான் கேட்டது அதுல்ல."

"வேற ஆளு இல்ல."

அவர் லத்தியை ஓங்கினார். அவள் தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். தனராஜ் தூக்கிய அதே மாதிரிதான். மணிக்கட்டில் முற்றின பனங்கிழங்கை ஒடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது முறை ஓங்கியபோது இசக்கியம்மாள் உள்ளேயிருந்து வந்து, அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தொங்கினாள். "பொம்பளையை அடிச்சா எம்மவ கண்ணு தெறந்திருமாவே?"

அவர் அவளை உதறிவிட்டு வார்டுக்குள் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஏளா, நீ சொல்லு. யாரு?"

"தலைப்பா கண்ணை மறைச்சிட்டுப்பா" என்றாள் சீனித்தாய். "நான் பாக்கல."

ஆறுமுகநயினார் நிமிர்ந்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் கிடந்த அற்புதமணியிடம், யாரோ தெரிந்தவரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"சனிக்கிழமை எத்தனை பேரை அடிச்சேன்னு எனக்கே தெரியாது டீச்சரம்மா. அடின்னாவ, அடிச்சேன். தனராஜை அடிச்சது நானாக்கூட இருக்கலாம். அதும் தெரியாது."

ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போகவில்லை. தனராஜின் குடிசைக்குப் போனாள். பவுலின் அம்மா வாசலை மறித்தாள். "அடிச்சது பத்தலையாக்கும்?" உள்ளேயிருந்து தனராஜின் குரல் வந்தது: "விடுளா. அந்தம்மா கையைப் பாரு." பவுல் வந்தான். காதில் துணி சுற்றியிருந்தது. வழியெல்லாம் அவளுக்கு நாலு எட்டு பின்னாலேயே நடந்தான்.

கட்டை அவிழ்க்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆறுமுகநயினார் வேலைக்குப் போயிருந்தார். இசக்கியம்மாள் பையனை ஏற இறங்கப் பார்த்தாள், தள்ளி உட்கார்ந்தாள். அற்புதமணி கதையைத் தொடங்கினாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் கல்லறை திறந்து கிடந்ததைச் சொன்னாள். எதையும் எதற்கும் ஒப்பிடவில்லை.

வாசலில் நின்ற பவுல்தான் முதலில் கேட்டான். "வெளிய வந்ததும் பிலாத்து வீட்டுக்குப் போனாரா?"

"இல்லை."

"ஆணி அடிச்சவன் வீட்டுக்கு?"

"இல்லை."

"யாரையுமே அடிக்கலையா?"

"யாரையும் அடிக்கல."

"பொறவு எதுக்கு வந்தாரு?"

அற்புதமணி யோசித்தாள். இத்தனை வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தும் அப்படி ஒரு கேள்வி அவளுக்கே தோன்றியதில்லை. "கடற்கரைக்குப் போனாரு. அவரு கூட்டாளிங்க ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் கெடைக்காம வந்தாங்க. அவரை விட்டுட்டு ஓடிப்போனவங்கதான். தெரியவே தெரியாதுன்னு சொன்னவனும் அதுல உண்டு. அவங்களுக்குத் தீ மூட்டி மீன் சுட்டு வச்சிருந்தாரு. வாங்க, சாப்பிடுங்கன்னாரு."

"ஏன் ஓடுனீங்கன்னு கேக்கலையா?"

"கேக்கல. என் மேல பிரியமா இருக்கியான்னு மட்டும் கேட்டாரு."

"என்ன மீன்?" என்றாள் சீனித்தாய்.

"தெரியலம்மா."

"சாளையாத்தான் இருக்கும். அதான் சுட்டா நல்லாருக்கும்." பிறகு தலையைத் திருப்பினாள். "வாசல்ல யாரு?"

"பவுலு" என்றான் பவுல்.

"கிட்ட வா."

வந்தான். அவள் துழாவி, அவன் முகத்தில் கை வைத்து, காதுத் துணியைத் தொட்டாள். "டீச்சர் அடிச்சதா?"

"ம்."

"எனக்கும் வலிக்கு" என்றாள். கையை அவள் எடுக்கவில்லை. அற்புதமணி கதையின் மிச்சத்தைச் சொன்னாள்: நம்ப மறுத்த தோமாவுக்கு அவர் தன் கையையும் விலாவையும் காட்டியதை, காயத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதை.

பத்து மணிக்கு டாக்டர் கட்டை அவிழ்த்தார். வலது கண் அற்புதமணியைப் பார்த்தது. இடது கண்ணுக்கு முன்னால் டாக்டர் மெழுகுவத்தியைக் கொண்டுவந்தார், அது பார்க்கவில்லை. சீனித்தாய் அழவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சா?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை ஆறுமுகநயினாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமை பஸ்.

அற்புதமணி சாத்தான்குளத்துக்கு ஏழு கார்டு போட்டாள். பதில் இல்லை. அடுத்த வருஷம் நேரிலேயே போனபோது, ஆறுமுகநயினார் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பம்பாய்க்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளுடைய மணிக்கட்டு கோணலாகவே கூடியது. கரும்பலகையில் எழுத இடது கையைப் பழக்கிக்கொண்டாள். கம்பு அதன்பின் எடுக்கவில்லை. நாடகம் போடவில்லை. பிள்ளைகளுக்கு ஈஸ்டரைச் சொல்லும்போது கடற்கரையில் மீன் சுட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். பிள்ளைகள் மனசுக்குள் அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்து பசியாறிய பிறகுதான், அவர் கையில் அது என்ன காயம் என்று மெல்லக் கேட்கவிடுவாள். அப்போதும் ஒரு பிள்ளை கண்டிப்பாக அதைக் கேட்கும்: ஏன் ஆறவில்லை? தெரியவில்லை என்பாள். பவுல் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். தெருவில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பான், பேசமாட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் டீச்சர் மேல் அந்த அடி யாருக்காக விழுந்தது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

1967-ல், பள்ளிக்கூட விலாசத்துக்கு, பம்பாயிலிருந்து ஒரு நீல இன்லண்டு கடிதம் வந்தது.

"டீச்சருக்கு, சீனித்தாய் எழுதுவது. நீங்கள் அங்கே இருக்கிறீர்களோ இல்லையோ தெரியாது. அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். நீங்கள் போட்ட கார்டுகள் ஏழும் அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நான் கும்பிடுவது திருச்செந்தூர் முருகனைத்தான், அதில் மாற்றம் இல்லை. என் மகளுக்கு ஆறு வயது. என் கண் ஏன் இப்படி என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். மீன் சுட்ட கதையையும் சொன்னேன். பஸ்ஸில் நான் கேட்டதை நானே அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: காயம் ஆறிப்போனா, ஓடுனவங்களும் அடிச்சவங்களும் இவரு வேற யாரோன்னு நெனைச்சிருவாங்கல்லம்மா, பயமில்லாம எப்படிப் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவாங்க, அதே ஆளுதான், நாம செஞ்சது தெரிஞ்சும் கோவப்படலன்னு அவங்களுக்குத் தெரியணும்லா. எனக்கு அது சரியாகப் படுகிறது. உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள். பவுலிடம் ஒன்று சொல்ல வேண்டும். தலைப்பா கண்ணை மறைக்கவில்லை. இரண்டாவது கல்லை அவன் எறிந்ததை நான் பார்த்தேன். அது தெரிந்தேதான் அவன் காதைத் தொட்டேன். வைகாசியில் ஊருக்கு வருகிறோம். அவன் வீடு எங்கே என்று எழுதுங்கள். சாளை வாங்கிக்கொண்டு வருகிறேன்."